அஞ்சு படத்தில் அஞ்சு பொண்ணு

ஊருக்கு ஒரு முட்டாள் என்றால் ஊர் தாங்கிக்கொள்ளும். எங்கள் கோட்டைப்புதூருக்கு நாலு பேர் வாய்த்தார்கள். நல்ல வேளையாக நாலு பேரும் ஒரே கடையில் வேலை பார்த்ததால் மற்ற கடைகள் பிழைத்தன. அந்தக் கடைக்குப் பெயர் உலகளந்தான் டிஜிட்டல் ஸ்டூடியோ. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாவு மில்லுக்கு மேல் மாடியில் இருந்தது. அதே மாடியில் அடுத்த அறையில் எனக்கு ஜெராக்ஸ் கடை. நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அதனால் நான் சொல்வதெல்லாம் கண்ணால் கண்டது, மீதி காதால் கேட்டது. என் கல்யாணப் படத்தை எடுத்ததும் அவர்கள்தான். அதைப் பற்றி நான் இங்கே பேசப்போவதில்லை.

முதலாளி உலகளந்தான். ஐம்பது வயது, தங்க ஃபிரேம் கண்ணாடி. எதைக் கேட்டாலும் கண்ணை மூடி அரை நிமிஷம் யோசித்துவிட்டுத்தான் தப்பாகப் பதில் சொல்வார். கேமரா பிடிப்பது மாசிலாமணி. லைட் பிடிப்பது சொக்கன். கம்ப்யூட்டர் தவசி பொறுப்பு. முன்பு ஒரு தடவை முதலாளி வீட்டு டிவி ரிமோட்டுக்கு பேட்டரி மாற்றிக் கொடுத்தான், அந்தத் தகுதியில் உட்கார்ந்தவன்.

நாலு பேருக்கும் ஒரு கெட்ட குணம் கிடையாது. பொய் தெரியாது, சூது தெரியாது. சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். வினையெல்லாம் அதிலிருந்துதான் வந்தது.

போன தை மாசம் மதுரையிலிருந்து ஒருத்தர் வந்து, படம் திருத்துகிற சாப்ட்வேர் ஒன்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுப் போனார். பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் மூன்றே மூன்று விஷயம் சொன்னார்.

"இனிமே கேமராவை ரா-ல வச்சு எடுங்க. ரான்னா பச்சைன்னு அர்த்தம், அரிசி மாதிரி. அப்படியே யாருக்கும் பரிமாற முடியாது. கம்ப்யூட்டர்ல போட்டு வேக வச்சுத்தான் குடுக்கணும்."

"இதுல ஆட்டோ டோன்னு ஒண்ணு இருக்கு. இந்தக் கட்டத்துல டிக் போட்டு வச்சிருக்கேன். படம் உள்ள வந்ததும் இருட்டா இருந்தா வெளிச்சமாக்கும், வெளிச்சம் சாஸ்தியா இருந்தா அடக்கும். எல்லாத்தையும் அதுவே பாத்துக்கும்."

"அது வேலை செய்யிறப்போ குறுக்க போயிராதீங்க."

அவர் சொன்னதில் ஒரு பிசகும் இல்லை. கேட்டவர்கள் உலகளந்தான் கோஷ்டி, அதற்கு அவர் என்ன செய்வார்.

முதலில் வேக வைக்கிற விஷயம். மெமரி கார்டைச் செருகிவிட்டு தவசி கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பான். "இன்னும் சூடு ஏறல மொதலாளி" என்பான். பெட்டிக்குள் சின்ன விசிறி ஒன்று ஓடிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்து, "அடுப்புல வச்சுட்டு யாராச்சும் விசிறிக் காத்து விடுவாங்களா?" என்று அதைக் கழற்றினான். மேலே ஒரு துண்டை நாலாக மடித்துப் போட்டு மூடினான். பெட்டி கொதித்துத் தானாக நின்றுபோகும். நின்றுபோனால் வெந்துவிட்டது என்று கணக்கு.

அப்புறம் குறுக்கே போகாத விஷயம். கம்ப்யூட்டருக்கும் வாசலுக்கும் நடுவே சொக்கன் இரண்டு பக்கமும் கயிறு கட்டிவிட்டான். படம் உள்ளே ஏறுகிற நேரத்தில் நாலு பேரும் சுவரோடு ஒட்டி நிற்பார்கள். வருகிறவர்களையும் அப்படியே நிற்க வைப்பார்கள். ரேஷன் கார்டுக்குப் படம் எடுக்க வந்த ஒரு வாத்தியார் முக்கால் மணி நேரம் சுவரில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றதை நானே பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் அவர் யாரையும் அப்படி நிற்க வைத்ததில்லை என்று சொல்லி வருத்தப்பட்டார்.

கடைசியாக அந்த ஆட்டோ டோன். இதற்காக ஒரு கூட்டமே போட்டார்கள்.

"எல்லாத்தையும் அதுவே பாத்துக்கும்னு சொன்னார்ல? அப்ப அதுக்குக் கண்ணு இருக்கு" என்றான் தவசி.

"கண்ணு இருந்தா மூஞ்சி இருக்கணும்" என்றான் மாசிலாமணி.

உலகளந்தான் கண்ணை மூடி, திறந்தார். "இருட்டு எது, வெளிச்சம் எதுன்னு பாத்து உத்தரவு போடுறவர் சாதாரண ஆளா இருக்க முடியாது. ஆபீசர் ரேங்க்ல இருப்பாரு. இனிமே யாரும் 'அது', 'இது'ன்னு பேசக் கூடாது. டோன் சார்னு சொல்லணும்."

அன்றிலிருந்து டோன் சார்தான். காலையில் கடை திறந்ததும் கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒரு டீ வைத்தார்கள். டோன் சார் தொடவில்லை என்று தெரிந்ததும், மறுநாளிலிருந்து சர்க்கரை போடாமல் வைத்தார்கள்.

இந்த லட்சணத்தில் இருக்கும்போதுதான் பவதாரிணி கல்யாணம் வந்தது.

பவதாரிணி நர்சிங் படித்த பெண். மாப்பிள்ளை மதியரசு ஒரு குளிர் தேசத்தில் வேலை பார்க்கிறவர். லீவில் வந்து, கல்யாணம் முடித்து, வருகிற சனிக்கிழமை திரும்பிப் போக வேண்டும். பெண்ணுக்கு விசா வாங்க வேண்டும் என்றால் அதற்கான ஃபைலை விசா ஆபீஸில் வியாழக்கிழமை நாலு மணிக்குள் கொடுத்தாக வேண்டும். தவறினால் அடுத்த வாய்ப்பு ஒரு வருஷம் கழித்துத்தான். ஃபைலில் கல்யாணப் படம் அஞ்சு வைக்கச் சொல்லியிருந்தார்கள். உலகளந்தான் ஸ்டூடியோ எடுத்த அஞ்சு படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். டிராவல்ஸ் ஏஜென்ட் குணசீலன் அதைப் பார்த்துவிட்டு அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார்.

திங்கட்கிழமை காலை பவதாரிணி மாடிப்படி ஏறி வந்தாள். கூடவே மாப்பிள்ளை. அஞ்சு படத்தையும் மேஜையில் பரப்பினாள்.

"அண்ணே, இதுல நான் எது?"

நாலு பேரும் குனிந்து பார்த்தார்கள். நானும் தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்தேன்.

முதல் படம் தாலி கட்டுகிற படம். பின்னால் புதுசாக வெள்ளை அடித்த மண்டபச் சுவர். வெளிச்சம் சாஸ்தி என்று டோன் சார் சுவரை அடக்கியிருந்தார். சுவரோடு சேர்ந்து பவதாரிணியும் அடங்கி, தோசைக்கல் நிறத்தில் இருந்தாள். சம்பந்திமார் கட்டியிருந்த புது வேட்டியெல்லாம் பத்து வருஷத்துப் பழசாகத் தெரிந்தது. இரண்டாவது, மாலை மாற்றுகிற படம். பின்னால் கருநீலத் திரை. இருட்டு என்று டோன் சார் தூக்கிவிட்டதில் பெண் சுண்ணாம்பாக வெளுத்துப்போயிருந்தாள். மூன்றாவதில் ஓமப் புகை, பெண் சாம்பல் நிறம். நான்காவதில் வாசல் வெயில், பெண்ணுக்கு மூக்கே இல்லை. ஐந்தாவது பந்தி. அதில் டோன் சார் இருட்டையெல்லாம் பிரமாதமாக வெளிச்சமாக்கியதில், தூணுக்குப் பின்னால் யாருக்கும் தெரியாமல் நாலாவது டம்ளர் பாயசம் குடித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் பெரியப்பா, சர்க்கரை வியாதிக்காரர், பளிச்சென்று தெரிந்தார். அந்தப் படத்தைப் பெரியம்மா பார்த்ததிலிருந்து அவர் வீட்டில் சண்டை.

"ஏஜென்ட் என்னா சொல்றாரு தெரியுமா?" பவதாரிணி படங்களை அவர்கள் பக்கம் தள்ளினாள். "'பாரத்துல சம்சாரம் பேர் எழுத ஒரே ஒரு கோடுதாம்மா இருக்கு, நீங்க அஞ்சு பேரை அனுப்பியிருக்கீங்க'ன்னு சொல்றாரு!"

உலகளந்தான் கண்ணை மூடினார். திறந்தார். படங்களை ஒரு தடவை எண்ணினார்.

"அவர் சொல்றது சரிதான் தங்கச்சி. அஞ்சு பேர்தான் இருக்காங்க."

"அண்ணே, அஞ்சும் நான்தாண்ணே!"

"அப்படியா?" என்று மாசிலாமணி மறுபடி குனிந்தான். படம் எடுத்தவனே அவன்தான்.

பவதாரிணி நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். கல்யாணமாகி இருபது நாள்தான் ஆகியிருந்தது. "எனக்கு வேற ஒண்ணும் வேணாம். வியாழக்கெழமை நாலு மணிக்குள்ள ஒரே மூஞ்சியோட அஞ்சு படம் குடுங்க. இல்லேன்னா அவர் அங்கிட்டு, நான் இங்கிட்டு. ஒரு வருஷம்ணே."

எனக்கே மனசு கேட்கவில்லை. மாப்பிள்ளை ஜன்னல் வழியாக பஸ் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மட்டும் அஞ்சு படத்திலும் ஓரளவுக்கு ஒரே ஆளாக இருந்தார் என்பது உண்மை. ஆனால் அதை அப்போது சொல்லிக்காட்டிய சொக்கனை நான் மன்னிக்க மாட்டேன்.

அவர்கள் போனதும் கூட்டம் கூடியது.

"தப்பு யாரு மேல?" என்றார் உலகளந்தான்.

"கேமரா மேல இல்ல. கேமரா புதுசு" என்றான் மாசிலாமணி.

"டோன் சார் மேல இருக்க முடியாது. படிச்சவரு" என்றான் தவசி.

"அப்ப?"

வெகுநேரம் யோசித்துவிட்டு சொக்கன் சொன்னான்: "கல்யாணத்து மேலதான் தப்பு. ஒரு எடத்துல ஒரே வெள்ளையா இருந்திருக்கு, இன்னொரு எடத்துல ஒரே கருப்பா இருந்திருக்கு. டோன் சார் பாவம், என்ன பண்ணுவாரு? கல்யாணத்தை ஒழுங்கா நடத்தியிருந்தா படம் ஒழுங்கா வந்திருக்கும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். டோன் சாருக்குப் பிடித்த மாதிரி கல்யாணத்தை மறுபடி நடத்துவது என்று முடிவாயிற்று.

"எல்லாரும் உடம்பு பூரா விபூதி பூசிக்கிட்டு நின்னா ஒரே நிறமா இருக்கும்ல?" என்று தவசி ஒரு யோசனை சொன்னான்.

"பூசலாம்தான். பாக்குறவன் இது கல்யாணம்னு நம்பணும்ல" என்றார் உலகளந்தான். அவர் வாழ்நாளில் சொன்ன ஒரே புத்திசாலித்தனமான வார்த்தை அது. சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் பயந்துபோனார்.

கடைசியில் சொக்கனின் கணக்கை ஏற்றுக்கொண்டார்கள். ஒரு வெள்ளை வேட்டிக்கு ஈடாக ஒரு கருப்புக் குடை.

செவ்வாய்க்கிழமை காலையில் அதே மண்டபம், அதே சுவர், அதே பட்டுப்புடவை. கட்டின தாலியை மறுபடி கட்டக் கூடாது என்று பெரியம்மா சொல்லிவிட்டதால், மாப்பிள்ளை பெண்ணின் கழுத்துக்குப் பக்கத்தில் இரண்டு கையையும் சும்மா தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். பின்னால் வேட்டி கட்டிய சொந்தக்காரர்கள் பன்னிரண்டு பேர், ஆளுக்கொரு கருப்புக் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மண்டபத்துக்குள்ளே ஒரு சொட்டு மழை இல்லை. மேலே ஃபேன் ஓடியதில் இரண்டு குடை மோதிக்கொண்டன. அதில் ஒரு மாமாவுக்கும் ஒரு சித்தப்பாவுக்கும் பேச்சு நின்றுபோனது.

படம் எடுத்து, ஸ்டூடியோவுக்குக் கொண்டுவந்து, துண்டு போட்டு மூடி, வேக வைத்தார்கள்.

குடைகள் சுவரையே மறைத்துவிட்டன. ஒரே இருட்டு என்று டோன் சார் தன்னால் முடிந்த மட்டும் தூக்கியிருந்தார். பவதாரிணி சுத்தமாகக் காணாமல் போயிருந்தாள். அட்டிகையும் ஒட்டியாணமும் ஜிமிக்கியும் மட்டும் அதனதன் இடத்தில் காற்றில் நின்றன. அவற்றுக்குத் தாலி கட்டுவது போல மாப்பிள்ளை கையைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

மதியரசு படத்தையே உற்றுப் பார்த்தார். "அண்ணே, என் வொய்ஃப் எங்கண்ணே?"

"உள்ளதான் இருக்காங்க தம்பி" என்றார் உலகளந்தான் பொறுமையாக. "வெளிச்சத்துக்குப் பின்னால இருக்காங்க."

ஆறு குடையைக் குறைத்தார்கள். பெண்ணுக்குக் கண் மட்டும் வந்தது. ஒன்பதைக் குறைத்தார்கள். தோசைக்கல். நாலரைக் குடை இருந்தால் சரியாக வரும் என்று தவசி கணக்குப் போட்டுச் சொன்னான். அரைக் குடையை யார் பிடிப்பது என்று சாயங்காலம் வரை பேசிவிட்டுக் கலைந்தார்கள்.

புதன்கிழமை காலையில் சொக்கன் முகம் மலர்ந்து மண்டபத்துக்கு வந்தான். அவனுக்குப் பின்னால் கயிற்றில் ஒரு எருமை வந்தது. அவன் வீட்டு எருமைதான், பெயர் செல்லாயி.

"மொதலாளி, குடையைக் கூட்டிக் கொறைக்க முடியாது. ஒண்ணு விரிக்கலாம், இல்ல மடக்கலாம். இவளைப் பாருங்க. மொத்தமும் கருப்பு. சுண்ணாம்பை எடுத்து எவ்வளவு வேணுமோ அவ்வளவு பூசிக்கலாம். வெள்ளை சாஸ்தியாப் போச்சுன்னா கழுவிக்கலாம். டோன் சாருக்கு என்ன அளவுல புடிக்குமோ அந்த அளவுல நிப்பாட்டலாம்."

உலகளந்தான் கண்ணை மூடவே இல்லை. அவ்வளவு தெளிவாக இருந்தது அவருக்கு.

பவதாரிணி எருமையைப் பார்த்ததும் மாப்பிள்ளை பின்னால் ஒளிந்தாள். "அண்ணே, நான் இது பக்கத்துலயா நிக்கணும்?"

"பக்கத்துல வேணாம் தங்கச்சி. நடுவுல இருந்தாத்தான் டோன் சார் கண்ணுக்குப் படும். உனக்கும் மாப்பிள்ளைக்கும் மத்தியில நிக்கட்டும்."

அவள் அழுதிருப்பாள். ஆனால் நாளைக்கு நாலு மணி என்பது அவள் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

சொக்கன் ஒரு வாளி சுண்ணாம்போடும் ஒரு வாளித் தண்ணீரோடும் தயாராக இருந்தான். செல்லாயியின் வாலில் தொடங்கிப் பூசினார்கள். படம் எடுத்தார்கள். மாசிலாமணி கார்டை எடுத்துக்கொண்டு சைக்கிளில் ஸ்டூடியோவுக்கு ஓடுவான். தவசி வேக வைத்துப் பார்ப்பான். "இன்னும் ஒரு சாண் பூசச் சொல்றார்!" மாசிலாமணி திரும்பி ஓடுவான். ஒரு சாண் பூசுவார்கள். "அரைச் சாண் கழுவச் சொல்றார்!" கழுவுவார்கள். அன்றைக்கு மாசிலாமணி மண்டபத்துக்கும் மாடிக்கும் பதினோரு தடவை போய் வந்தான். மாப்பிள்ளை கையைத் தூக்கியது தூக்கியபடியே நின்றதில், மத்தியானம் சாப்பிடக் கையை இறக்க முடியாமல் பெரியம்மாதான் ஊட்டிவிட்டார்.

பதினோராவது தடவை படம் சரியாக வந்துவிட்டது. செல்லாயி இடுப்பு வரைக்கும் வெள்ளை, அதற்கு முன்னால் கருப்பு. படத்தில் பவதாரிணி பவதாரிணி மாதிரியே இருந்தாள். நாலு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். டோன் சாருக்கு அன்று இரண்டு டீ.

எருமையை எடுத்துவிட்டால் நிறம் மாறிவிடும் என்பதால் மற்ற நாலு படத்திலும் செல்லாயியை அப்படியே வைத்து எடுத்தார்கள். மாலை மாற்றும்போது பெண்ணுடைய மாலையில் பாதியை அவள் தின்றுவிட்டாள். ஓமத்தில் புரோகிதர் இருக்கிற இடத்தில் அவள் படுத்திருந்தாள். பந்தியில் அவளுக்கும் இலை போட்டார்கள். இலையையும் சேர்த்துத் தின்றாள்.

வியாழக்கிழமை காலை உலகளந்தான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு, தானே படங்களை ஏஜென்ட் குணசீலனிடம் கொண்டுபோனார். துணைக்கு சொக்கன். நடந்ததை சொக்கன்தான் வந்து என்னிடம் பெருமையாகச் சொன்னான்.

குணசீலன் அஞ்சு படத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாராம். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாராம்.

"பொண்ணு இப்ப ஒண்ணுதான். ஒத்துக்கிறேன். மாப்பிள்ளையும் ஒண்ணுதான். ரெண்டு பேருக்கும் நடுவுல நிக்கிறது யாரு?"

"செல்லாயிங்க" என்றான் சொக்கன்.

"யாருன்னு ஆபீஸ்ல கேப்பான்யா! கல்யாணத்துலயும் நடுவுல நிக்குது, ஓமத்துலயும் ஒக்காந்திருக்கு, பந்தியிலயும் சாப்புடுது. கேட்டா நான் என்ன பதில் சொல்றது?" குணசீலனுக்கு மூச்சு வாங்கியது. "ஒண்ணு செய்யுங்க. இதுக்கும் பாஸ்போர்ட் சைஸ்ல ஒரு போட்டோ எடுங்க. ஒரு பாரம் எழுதுங்க. கூட வர்றவங்கன்னு போட்டு ஃபைல்ல சேத்துருங்க. போங்க!" என்று மேஜையில் இருந்த பாரம் ஒன்றைத் தூக்கி வீசினார்.

வேறு யாராக இருந்தாலும் அந்த ஆள் கோபத்தில் கத்துகிறார் என்று புரிந்திருக்கும். உலகளந்தான் கீழே விழுந்த பாரத்தை எடுத்து, தூசி தட்டி, மடிப்பில்லாமல் நீவி, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "நல்ல மனுஷன். வழி சொல்லிக் குடுத்துட்டாரு" என்றார்.

செல்லாயியை மாடிப்படியில் ஏற்ற ஒரு மணி நேரம் ஆனது. கீழே மாவு அரைக்க வந்தவர்களும் பின்னாலிருந்து தள்ளினார்கள். ஸ்டூடியோ சுவரில் பாஸ்போர்ட் படத்துக்கான விதிகள் ஒட்டியிருந்தன. உலகளந்தான் ஒவ்வொன்றாக வாசித்தார்.

"மேக்கப் கூடாது."

சொக்கன் சுண்ணாம்பைக் கழுவினான்.

"பின்னால வெள்ளைத் திரை."

தவசி இழுத்துவிட்டான்.

"ரெண்டு காதும் தெரியணும்."

"தெரியுது மொதலாளி. நல்லாவே தெரியுது."

"சிரிக்கக் கூடாது. நேரா பாக்கணும்."

செல்லாயி நேராகப் பார்த்தாள். சிரிக்கவே இல்லை. மாசிலாமணி ஒரே தடவையில் எடுத்தான். படம் வெந்து வந்தது. எருமையின் கருப்பும் திரையின் வெள்ளையும் அளந்து வைத்தது போல் இருந்ததால் டோன் சார் எதையும் தொடவில்லை. அந்த ஸ்டூடியோவில் அதுவரை எடுத்த படங்களிலேயே குறை சொல்ல முடியாத படம் அதுதான். என் கல்யாணப் படத்தை நினைத்து எனக்கு வயிறு எரிந்தது.

அப்புறம் பாரம். தகப்பன் பெயர் சொக்கன். தொழில், பால். மணமக்களுக்கு என்ன உறவு என்ற இடத்தில் பேனா நின்றது.

"பொண்ணு வீட்டுப் பக்கமா, மாப்பிள்ளை வீட்டுப் பக்கமா?" என்றார் உலகளந்தான்.

"நடுவுலதான நின்னா? ரெண்டு பக்கமும்னு எழுதுங்க" என்றான் மாசிலாமணி.

அதையே எழுதினார்கள். கீழே ஸ்டூடியோ முகவரி.

மணி இரண்டரைக்கு பவதாரிணி படியேறி ஓடி வந்தாள். பின்னால் மாப்பிள்ளை. ஏஜென்ட் போன் பண்ணித் திட்டியிருக்கிறார். வாசலில் எருமை நிற்பதைப் பார்த்தும் நிற்கவில்லை. கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி நேரே கம்ப்யூட்டரிடம் போனாள்.

"தங்கச்சி, குறுக்க போகாத! டோன் சார் வேலையில இருக்காரு!"

"யாருண்ணே அந்த டோன் சாரு? நானும் மூணு நாளாக் கேட்டுக்கிட்டு இருக்கேன்!"

தவசி பயபக்தியோடு திரையைச் சுட்டிக்காட்டினான். "இந்தக் கட்டத்துல டிக் இருக்கு பாருங்க. அதுக்குள்ளதான் இருக்காரு. ஒவ்வொரு படத்தையும் அவர்தான் சரி பண்றாரு."

"இந்த டிக்கை எடுத்தா?"

"எடுத்தா எப்படி? அப்புறம் யாரு சரி பண்ணுவா?"

பவதாரிணி திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். மவுஸைப் பிடுங்கி டிக்கை எடுத்தாள். பழைய கல்யாணப் படங்களைத் திறந்தாள்.

சுவர் வெள்ளையாக இருந்தது. திரை கருநீலமாக இருந்தது. பெரியப்பா தூணுக்குப் பின்னால் இருட்டுக்குள் பத்திரமாகப் போய்விட்டார். முதல் படத்திலும் கடைசிப் படத்திலும் ஒரே பவதாரிணி, மாநிறம், மூக்கும் முழியுமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை எட்டிப் பார்த்து, "இது நீதான்!" என்று கத்தினார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான், மறைப்பானேன்.

"டோன் சாரை அனுப்பிட்டியேம்மா" என்றார் உலகளந்தான் மெதுவாக. "அப்ப இதைச் சரி பண்ணினது யாரு?"

"யாரும் சரி பண்ணலண்ணே. இவர் எடுத்தப்பவே சரியாத்தான் எடுத்திருக்காரு."

எல்லோரும் மாசிலாமணியைப் பார்த்தார்கள். அவன் முகம் வெளுத்துப்போனது. "நானா?" என்றான். "நான் ஒண்ணும் பண்ணலியே" என்று சொல்லிக்கொண்டே சுவரோரம் உட்கார்ந்துவிட்டான். அவனுக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

அஞ்சு படத்தையும் அச்சடித்து எடுக்கும்போது மணி மூன்றேகால். ஃபைலைத் தானே கட்டித் தருவதாகச் சொல்லி உலகளந்தான் வாங்கிக்கொண்டார். மரியாதையாக ஒரு பெரிய கவரில் படங்களை வைத்து, ஏஜென்ட் சொன்னபடி செல்லாயியின் பாரத்தையும் படத்தையும் அதற்குக் கீழே வைத்து, நாலு பக்கமும் பசை தடவி ஒட்டினார். பவதாரிணி கவரைப் பறித்துக்கொண்டு ஓடினாள். குணசீலனிடம் போய்ச் சேரும்போது நாலாக எட்டு நிமிஷம். பிரித்துப் பார்க்க அவருக்கு ஏது நேரம்? அப்படியே ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்.

மாப்பிள்ளை சனிக்கிழமை விமானம் ஏறினார். மூன்றாவது வாரம் பவதாரிணிக்கு விசா வந்துவிட்டது. இனிப்பு வாங்கிக்கொண்டு மாடிக்கு வந்து எனக்கும் கொடுத்தாள், அந்த நாலு பேருக்கும் கொடுத்தாள். அவ்வளவு நல்ல பெண். மறு வாரம் புருஷனிடம் போய்ச் சேர்ந்தாள்.

அவள் போன இரண்டாம் நாள் ஸ்டூடியோ முகவரிக்கு ஒரு கவர் வந்தது. இங்கிலீஷில் இருந்ததால் நாலு பேரும் என்னிடம் எடுத்து வந்தார்கள். நான் வாசித்துத் தமிழில் சொன்னேன்.

"செல்லாயி, தகப்பனார் பெயர் சொக்கன் அவர்களுக்கு. தங்கள் புகைப்படம் எல்லா விதிகளுக்கும் பொருந்தியிருக்கிறது. விண்ணப்பத்தை மேற்கொண்டு பரிசீலிக்க, தாங்கள் நேரில் வந்து பத்து விரல்களின் ரேகையையும் பதிய வேண்டும்."

நாலு பேர் முகமும் தொங்கிப்போனது. இப்போதாவது புத்தி வந்ததே என்று நினைத்துக்கொண்டு நான் கடிதத்தை மடித்தேன். உலகளந்தான் கண்ணை மூடினார். அரை நிமிஷம் ஆயிற்று, ஒரு நிமிஷம் ஆயிற்று, திறக்கவே இல்லை. அதற்குள் சொக்கன் விடுவிடுவென்று படியிறங்கி வீட்டுக்கு ஓடினான். கொஞ்ச நேரத்தில் மூச்சிரைக்கத் திரும்பி வந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"மொதலாளி, சிக்கலாயிருச்சு. காலுக்கு ரெண்டு வெரல். நாலு காலுக்கும் சேத்து எட்டுதான் இருக்கு."

"நல்லா எண்ணினியா?"

"மூணு தடவை எண்ணினேன்."

"ரெண்டு கொறையுதுன்னு திருப்பி அனுப்பிருவானோ?" என்றான் தவசி கவலையோடு.

உலகளந்தான் கண்ணைத் திறந்தார். "கூட்டிட்டுப் போறவன் நீதானே சொக்கா? பதியிற எடத்துல நீயும் பக்கத்துல நில்லு. மீதி ரெண்டுக்கு உன் கட்டைவிரலை வச்சிரு. கேட்டா, அவசரத்துல அந்த ரெண்டை செல்லாயி வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டான்னு சொல்லிக்கலாம்."

நாலு பேருக்கும் போன உயிர் திரும்பி வந்தது. சொக்கன் இரண்டு கட்டைவிரலையும் வேட்டியில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, செல்லாயிக்கு நகம் வெட்டப் போனான்.